எட்டாம் ஹென்றியின் 1520ஆம் ஆண்டுக் கவசம்: உடல் முழுதும் எஃகால் மூடியபின் அசைவது எப்படி?

வினா:
அனைவருக்கும் வணக்கம். லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி தரையில் நின்று பொருதுவதற்காக 1520இல் செய்யப்பட்ட கவசம் இருக்கிறது. ஐரோப்பியத் தகட்டுக் கவசங்களில் பொதுவாக அக்குள், முழங்கையின் உள்மடிப்பு, முழங்காலின் பின்புறம், பிட்டம் ஆகியவற்றைத் தகடு மூடுவதில்லை; அங்கே இரும்பு வளையப் பின்னலே காப்பு. இந்தக் கவசத்திலோ அவ்விடங்களும் எஃகால் மூடப்பட்டுள்ளன. அப்படியானால் கையையும் காலையும் மடக்கியது எப்படி? அரசருக்குரிய பொருளில் அலங்காரம் ஏதுமின்றிச் சுத்தியல் தழும்புகள் அப்படியே தெரிவதன் காரணத்தையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
வணக்கம் ஐயா. முழங்கையின் உட்புறத்தை நெருக்கமாக எடுத்த படம் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள். அங்கே இருப்பது ஒரே தகடு அன்று; விரலகலமே உள்ள வளைந்த பட்டைகள், மீன்செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. இத்தகைய பட்டைகளை இணைக்க உட்புறம் தோல்வார் வைப்பார்கள். அல்லது ஒரு தகட்டில் நீள்துளை வெட்டி, அடுத்த தகட்டின் ரிவெட் (இணைப்பாணி) அதனுள் நகரும்படி விடுவார்கள். கை மடங்கும்போது பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்று செருகிக்கொள்ளும், நீட்டும்போது விரியும், எந்த நிலையிலும் இடுக்கு திறவாது. தலைக்கவசத்தின் கீழ்விளிம்பு கழுத்துக்கவசத்தின் மேல்விளிம்பைக் கவ்விச் சுழல்வதால் தலையை இருபக்கமும் திருப்பலாம். ஒவ்வொரு பட்டையின் வளைவும் அடுத்ததன் வளைவோடு சிறிதும் பிசகாமல் பொருந்த வேண்டும் என்பதால், என் பார்வையில், ஹென்றிக்குக் கவசங்கள் செய்த கிரீனிச் அரச பட்டறையின் ஆகச் சிறந்த வேலை இதுவே. விண்வெளி உடையின் மூட்டுகளை வடிவமைத்த அமெரிக்கப் பொறியாளர்கள் 1960களில் இதை ஆராய்ந்ததில் வியப்பில்லை.

மறுமொழி 2:
இரண்டாவது வினாவுக்கு விடை சொல்கிறேன். இது முடிக்கப்படாத கவசம். 1520 ஜூனில் கலே நகருக்கு அருகே, பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவை ஹென்றி சந்தித்த ‘பொற்றுகில் களம்’ விழாவின் போட்டிகளுக்காகத்தான் இதைச் செய்யத் தொடங்கினார்கள். விழாவுக்குச் சில மாதங்களே இருந்தபோது பிரெஞ்சுத் தரப்பு விதிகளை மாற்றி, இடுப்பிலிருந்து பாவாடைபோல விரியும் எஃகு வளையங்களைக் கொண்ட ‘டான்லெட்’ கவசமே வேண்டும் என்றது. ஆகவே இந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, கையிருப்பில் இருந்த பாகங்களைத் திருத்தி, புதியவற்றையும் சேர்த்து, வேறொரு கவசத்தை அவசரமாக ஒப்பேற்றினார்கள். அதுவும் லீட்ஸில்தான் இருக்கிறது. அதன் கெண்டைக்கால் தகடுகளில் குதிமுள் (குதிரையை விரட்டக் குதிகாலில் அணியும் முள்) பொருத்துவதற்கான வெட்டு காணப்படுகிறது. தரையில் நின்று பொருதுபவருக்குக் குதிமுள் எதற்கு? குதிரைவீரனின் கவசத்திலிருந்து எடுக்கப்பட்ட பாகம் என்பதற்கு அந்த வெட்டே சாட்சி.

வினா எழுப்பியவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இதன் எடை 42 கிலோவுக்கு மேல் என்று அறிகிறேன். கவசம் அணிந்தவர் கீழே விழுந்தால் பிறர் உதவியின்றி எழ முடியாது என்று பரவலாகச் சொல்லப்படுவது இதனால்தானா?

மறுமொழி 3:
அக்கூற்று தவறானது, ஐயா; அதை மறுக்காமல் விடக் கூடாது. போர்க்களத்துக்கான முழுக்கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ வரைதான் இருக்கும். அச்சுமை தோளில் மட்டும் தொங்காமல் உடலெங்கும் பகிர்ந்து கட்டப்படுவதால், பயின்ற வீரன் அதை அணிந்து ஓடவும், விழுந்தால் எழவும், குதிரை ஏறவும் முடியும். நீங்கள் குறிப்பிடும் கவசம் வேலியடைத்த களத்தில், குறுகிய நேரப் போட்டிக்காக மட்டும் செய்யப்பட்டது. அங்கே நெடுந்தூரம் நடக்கும் தேவை இல்லை. எதிராளியின் ஆயுதம் நுழைய இடுக்கே இருக்கக் கூடாது என்பதே முதல் தேவை. அந்தக் கூடுதல் எடை அதற்காகத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளப்பட்டது. நேரம் கிடைத்தால், ஹென்றிக்கு 1540இல் செய்யப்பட்ட கவசத்தையும் இதனருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 28 வயதிலிருந்த உடலுக்கும் பிற்காலத்து உடலுக்கும் உள்ள வேறுபாடு இடுப்புப் பகுதியிலேயே தெரிந்துவிடும்.