மறு: பேண்தகைமையால் வரும் நிதிப் பயனுக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் பேணி நடப்பதால் (sustainability) ஒரு நிறுவனத்துக்குக் கிடைக்கும் பணப் பயனைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கும், அதற்கு நீங்கள் முன்வைத்த சொற்களுக்கும் என் பதில் இது.

"பேணாதாயம்" மட்டும் வேண்டாம். பேண் + ஆதாயம் என்று பிரித்தால் இலக்கணம் சரிதான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், "பேணாத ஆயம்" என்றே காதில் விழுகிறது. ஈரோட்டு அம்மா முன்வைத்த "பேணூதியம்" அழகான சொல். 461ஆம் குறளில் ஊதியம் என்றால் இலாபம்தான். ஆனால் இன்று அதைக் கேட்டால் சம்பளம்தான் நினைவுக்கு வருகிறது.

"பேண்பயன்" என்று வைக்கலாம். பேண்தகு வளர்ச்சி (sustainable development) என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

பயன் என்பதில் பணம் தெரியவில்லை, "பேண்வரவு" என்போம் என்கிறார் கோவை நண்பர். திருப்பூரில் சாயப்பட்டறைக்குக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் மறுக்கிறேன். சாயக்கழிவை ஆர்.ஓ.வில் (நுண்சவ்வு வழியே நீரை அழுத்தி வடிக்கும் கருவி) செலுத்தினால் பெரும்பங்கு நீர் திரும்பக் கிடைக்கிறது. மிஞ்சும் உவர்நீரை ஆவியாக்கி உப்பை மீட்டு, மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள். வாங்கும் தண்ணீரும் உப்பு மூட்டையும் குறைகின்றன. பேரேட்டில் இது வரவாக ஏறாது, செலவில்தான் குறையும். பேணி நடக்கும் நிறுவனம் என்று வங்கி வட்டியைக் குறைத்தாலும் அப்படியே.

அடுத்து, country governance என்பதற்கு வைத்த "நாட்டு நிர்வாகம்". இதை "ஆளுகை" என்று மாற்ற வேண்டும். உலக வங்கி இதை ஆறு கூறுகளாக அளக்கிறது: மக்கள் குரலும் பொறுப்புடைமையும், அரசியல் நிலைப்பு, அரசின் செயல்திறன், ஒழுங்குமுறைத் தரம், சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு. நிர்வாகம் என்ற சொல் இத்தனையையும் தாங்காது.

ஆளுகைக்கும் பேண்பயனுக்கும் உள்ள உறவை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் பட்டறை சுத்திகரிப்புக்குச் செலவழித்தது. பக்கத்துப் பட்டறை மழை பெய்யும் இரவுகளில் கழிவுத் தொட்டியை நொய்யல் ஆற்றுக்குத் திறந்துவிடும். அங்கே கிலோவுக்குச் சாயக்கூலி குறைவு, ஆர்டரும் அங்கேயே போனது. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது இரண்டுக்கும் ஒரே நாளில் பூட்டு விழுந்தது. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு கலந்து தேங்கிய தண்ணீரால் வயலை இழந்தவர்களுக்கு அந்த ஆணை தேவைப்பட்டது, அதில் எனக்கு ஐயமே இல்லை. அதுவரை விதியை ஆளுக்கொரு விதமாகப் பார்த்ததுதான் பேணியவரின் பயனைத் தின்றது. இன்று சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்பது எல்லாருக்கும் பொது விதி. அதையே வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் காட்டி ஊர் ஆர்டர் கேட்கிறது.

ஆளுகை வலுத்தால் பேண்பயன் கூடும் என்பது ஒரு வாதம். ஆளுகை தளர்ந்த இடத்தில் நிறுவனத்தின் நற்பெயரே சட்டத்துக்கு ஈடாக நின்று பயன் தரும் என்பது மற்றொன்று. இவற்றுக்குப் புதுச்சொல் தேவையில்லை. மேல்நிலைப் பொருளியல் பாடத்தில் உள்ள சொற்களே போதும்: முன்னதற்கு "நிரப்பு" (ஒன்றோடொன்று சேர்ந்து பயன் தருவது), பின்னதற்குப் "பதிலீடு" (ஒன்றுக்கு மாற்றாக நிற்பது).

மண் + குடம் மட்குடம் ஆவதுபோல பேண் + பயன் "பேட்பயன்" ஆகாதா என்று கேட்டிருந்தார் ஒருவர். ஆகாது ஐயா. மண் பெயர்ச்சொல், பேண் வினையடி. உண் என்ற வினையடியில் பிறந்த உண்கலம் உட்கலம் ஆவதில்லை அல்லவா?