புதுப்பிப்பு: பெரியப்பா இருந்த நீர்மூழ்கி எது என்று தெரிந்துவிட்டது

மறைந்த பெரியப்பா கடற்படையில் எந்த நீர்மூழ்கியில் இருந்தார் என்று வருஷத் திதிக்குள் கண்டுபிடிக்க வழி கேட்டிருந்தேன். கையில் இருந்தது நீர்மூழ்கி வீரர்கள் அணியும் டால்பின் பேட்ஜ் மட்டும். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, டிஸ்சார்ஜ் புத்தகத்தை, அதாவது கடற்படையிலிருந்து விடுபடும்போது தரும் பணிப் பதிவைத் தேடச் சொன்ன யோசனை. பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில், பழைய ரேஷன் கார்டுகளுக்கு அடியில் கிடந்தது. அதில் இருந்த பெயர் ஐஎன்எஸ் குர்சுரா. பேட்ஜை வைத்துக் கப்பலைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லா நீர்மூழ்கிக்கும் அது ஒன்றுதான்.

எதிர்பாராதது, அந்தக் கப்பலையே பார்க்க முடிந்தது. 1969 டிசம்பர் 18 அன்று சேவைக்கு வந்து 2001-ல் ஓய்வுபெற்ற குர்சுரா, இப்போது விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகம். 91 மீட்டர் நீளம் இருந்தும் உள்ளே ஒருவர் எதிரே வந்தால் நாம் ஒதுங்க வேண்டும். டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) வைக்கும் அறையிலேயே படுக்கைகள். சுற்றிக்காட்டுவது ஓய்வுபெற்ற கடற்படையினர். பெரியம்மா ஒரு படுக்கையைத் தடவிப் பார்த்து, "இதுலயா இந்த மனுஷன் காலை நீட்டினார்?" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

திதியோடு, டிசம்பர் 8 நீர்மூழ்கி நாளன்றும் விளக்கேற்றப் போகிறோம். 1967-ல் நம் முதல் நீர்மூழ்கி கல்வரி சேவைக்கு வந்த நாள் அது.