தொங்குகுஞ்சா, பைக்குஞ்சா? ஃபைட்டர் மீன் குஞ்சின் முதல் பருவத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபைட்டர் மீன் வளர்ப்பைப் பற்றித் தமிழில் எழுதும்போது "குஞ்சு பொரித்ததும் தீனி போடுங்கள்" என்று எழுதிவிடுகிறோம். குஞ்சுகள் சாவது இந்த ஒரு வரியால்தான். 27 டிகிரி செல்சியஸில் முட்டை ஏறத்தாழ ஒன்றரை நாளில் பொரிகிறது. அதன்பின் இரண்டு மூன்று நாள் குஞ்சு இரை பிடிக்காது. தகப்பன் மீன் நீர்ப்பரப்பில் கட்டிய நுரைக்கூட்டுக்கு அடியில் வால் கீழாகத் தொங்கும். வயிற்றில் ஒட்டியிருக்கும் கருவுணவுப் பைதான் அதற்குச் சாப்பாடு. புதிதாக வளர்ப்பவர் அன்றைக்கே அவித்த மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றுகிறார். தின்ன ஆளில்லாமல் அது அழுகுகிறது, அம்மோனியா ஏறுகிறது, நீந்த வேண்டிய நாளில் குஞ்சுகள் தரையில் வெளுத்துக் கிடக்கின்றன.

நுண்குஞ்சு, இளங்குஞ்சு, விரலளவு குஞ்சு என்று மீன்பண்ணை வழக்கில் சொற்கள் உண்டு. அவை நீளத்தைக் கொண்டு பிரிப்பவை. 3 மில்லிமீட்டர் குஞ்சை அளந்து பார்த்து யாரும் தீனி போடப்போவதில்லை. தொங்கும் பருவத்துக்கு ஒன்று, கிடைமட்டமாக நீந்தும் பருவத்துக்கு ஒன்று என இரண்டு சொல் வேண்டும். "தூங்குகுஞ்சு", "நீந்துகுஞ்சு" என்று முன்வைக்கிறேன். தூங்கணாங்குருவியில் இருக்கும் அதே தூங்கு, தொங்கு என்ற பொருளில்.

*

> தூங்கணாங்குருவியில் இருக்கும் அதே தூங்கு

பொருள் சரி, அழகும் கூட. ஆனால் இன்றைய வாசகர் உறங்கும் குஞ்சு என்றுதான் படிப்பார். அசையாமல் இருக்கும் குஞ்சைப் பார்த்து "தூங்குகிறது" என்று விட்டுவிட்டால் ஆபத்து. நல்ல குஞ்சு கூட்டில் தொங்கியபடி அவ்வப்போது வாலைத் துடித்து மேலே எம்பும், நழுவி விழும். தகப்பன் மீன் அதை வாயில் கவ்விக்கொண்டு போய் நுரையில் திரும்ப ஒட்டும். துடிப்பே இல்லையென்றால் அது செத்த குஞ்சு.

தொல்காப்பிய மரபியலில் "பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை" என்றும், தவழ்பவற்றுக்கும் அப்படியே என்றும் வருகிறது. "மீன்பார்ப்பு" என்று ஆளலாமே?

*

பார்ப்பு நல்ல சொல், ஆனால் இங்கே உதவாது. இளமைக்குப் பெயர் நம்மிடம் ஏற்கெனவே குஞ்சு என்று இருக்கிறது. நமக்கு வேண்டியது இன்று தீனி போடலாமா கூடாதா என்று சொல்லும் பெயர்.

அந்த வகையில் "பைக்குஞ்சு" என்பேன். கருவுணவுப் பை இருக்கும்வரை பைக்குஞ்சு. இது எல்லா மீனுக்கும் பொருந்தும். கெண்டை இனங்களின் குஞ்சு நுரைக்கூட்டில் தொங்குவதில்லை; பை மட்டும் அவற்றுக்கும் உண்டு.

*

> கருவுணவுப் பை இருக்கும்வரை பைக்குஞ்சு

பையைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும். தொங்கலைப் பார்க்கக் கண்ணே போதும். ஒரு கைவிளக்கைத் தொட்டியின் பக்கவாட்டில் பிடித்தால் நுரைக்கு அடியில் முற்றுப்புள்ளி போல இரண்டு கண்ணும், கீழே மயிரிழை வாலும் செங்குத்தாகத் தெரியும். அந்தக் கோடு படுத்துக்கொண்டால் பருவம் மாறிவிட்டது. வளர்ப்பவர் செய்ய வேண்டிய வேலையெல்லாம் அந்தத் திருப்பத்தில்தான் தொடங்குகிறது. பெரும்பாலானவை படுத்து நீந்தியதும் தகப்பனை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் அவற்றையே தின்னக்கூடும். அன்றே முதல் தீனி.

முதல் தீனியான, தண்ணீரில் பெருகும் நுண்ணுயிர்களுக்கு நாம் இன்னும் இன்ஃபுசோரியா என்றே எழுதுகிறோம். "நுண்ணிரை" போதும் என்று தோன்றுகிறது. தகப்பன் நுரை கட்டத் தொடங்கும் அன்றே அதைத் தயார் செய்யச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் பழைய தொட்டித் தண்ணீரில் வாடிய கீரை இலை ஒன்று, மறைமுக வெளிச்சம், மூன்று முதல் ஐந்து நாள். முதலில் பால்போலக் கலங்கும், அது பாக்டீரியா. பிறகு தெளியும்; அப்போதுதான் அதைத் தின்று நுண்ணிரை பெருகியிருக்கிறது. கலங்கலாக இருக்கும்போதே ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. அழுகல் நாற்றம் அடித்தால் கொட்டிவிட வேண்டும்.

நாலைந்து நாள் நீந்திய பிறகு ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சு. அதன் முட்டை பொரிய லிட்டருக்கு 25 கிராம் உப்பு, 28 டிகிரி, காற்றுக்குழாய், 24 மணி நேரம். பொரிந்தவுடன் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, ஓடு கலக்காமல் கொடுக்க வேண்டும். தின்ற குஞ்சின் வயிறு வெளியிலிருந்தே ஆரஞ்சாகத் தெரியும். ஒரு வேளைக்குப் பிறகும் வயிறு நிறம் மாறாத குஞ்சுக்கு வாய் இன்னும் போதவில்லை. அதற்காக நுண்ணிரையைத் தொடர வேண்டும்.

ஆகவே ஃபைட்டருக்குத் "தொங்குகுஞ்சு". பைக்குஞ்சைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம்.

*

உடன்படுகிறேன். எழுத்தில் ஒரு கவனம்: "தொங்குக்குஞ்சு" என்று சிலர் எழுதக்கூடும். இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு போல, வல்லினம் மிகாது. பைக்குஞ்சில் மிகும்.

மூன்றாவதாக, மேலே வந்து காற்று விழுங்கும் பருவத்துக்கும் பெயர் வேண்டுமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பது என் கருத்து. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமையும் அந்தச் சுவாச உறுப்பு சில வாரங்களில் மெல்லத்தான் உருவாகிறது. ஒரே ஈட்டில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். குறிப்பாக நாள் சொல்ல முடியாத பருவத்துக்குப் பெயர் வைத்தால் மறுபடி அதே குழப்பம். உறுப்புக்கு "காற்றுமடிப்பு" என்று வைக்கலாம். முதல் நாளிலிருந்தே தொட்டியை மூடி வைக்கவும், நீர்ப்பரப்புக்கு மேலுள்ள காற்று தண்ணீரைப்போல வெதுவெதுப்பாக இருக்கவும், மேலே எண்ணெய்ப்படலம் படியாமல் தாளால் ஒற்றி எடுக்கவும் சொன்னால் போதும்.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

தொங்குகுஞ்சு: பொரிந்தது முதல் கிடைமட்டமாக நீந்தும்வரை நுரைக்கூட்டில் வால் கீழாகத் தொங்கும் மீன்குஞ்சு. தீனி கூடாது, தண்ணீர் மாற்றக்கூடாது, தகப்பன் உடனிருக்கும்.

நீந்துகுஞ்சு: கிடைமட்டமாக நீந்தி இரை தேடும் குஞ்சு. தகப்பனைப் பிரிக்கவும், நுண்ணிரை தொடங்கவும்.

*

"தண்ணீர் மாற்றக்கூடாது" என்பதோடு "தொட்டியை அசைக்கக்கூடாது" என்றும் சேருங்கள். நுரை கலைந்தால் தகப்பன் மிரண்டு குஞ்சுகளையே விழுங்கிவிடும். நீந்துகுஞ்சு வரியில் தண்ணீர் மாற்றும் முறையும் வேண்டும்: முதல் வாரம் கழித்து, நுனியில் துணி கட்டிய காற்றுக்குழாயால் பத்தில் ஒரு பங்கு உறிஞ்சி, அதே சூட்டுத் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். உறிஞ்சிய தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்தால் தப்பி வந்த குஞ்சு கண்ணில் படும்.