நீங்கள் சொல்லிக்கொடுத்தபோது மவுஸ் யார் கையில் இருந்தது?

செக்காலை அக்கா

ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துகிறது. பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த எங்களிடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கு மூன்று பேராக ஒப்படைத்திருந்தார்கள். கண்காட்சிக்கு ஸ்க்ராட்சில் (கட்டளைத் துண்டுகளைக் கோத்துப் புரோகிராம் செய்கிற மென்பொருள்) எதையாவது செய்ய வைக்க வேண்டும். என் மூன்று பேரில் ஒருத்தி வாயே திறக்க மாட்டாள். "ஆத்தங்குடிக் கல் வரையப்போறேன்" என்றாள், தரையில் பதிக்கிற பூப்போட்ட டைல்ஸைத்தான் சொன்னாள், அதோடு சரி. ஒரு மூலையில் கால் பூ உள்ள கல் ஒன்றை வரைந்து, ஸ்டாம்ப் போட்டு (இருக்கிற இடத்தில் ஒரு பிரதி பதிப்பது), நகர்த்தி, 90 டிகிரி திருப்பி, மறுபடி ஸ்டாம்ப், இப்படி நான்கு கல். இதையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற லூப்கூட அவளே போட்டிருந்தாள். ஆனால் ஓடவிட்டால் பூ சேரவில்லை. நான்கு கால் பூவும் நான்கு வெளி மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டன, நடுவில் வெறும் பச்சை.

மணி நாலேகால், பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தரைக்குத்தான். "தள்ளு, நான் சரி பண்றேன்" என்று மவுஸை வாங்கி, கல்லை 180 டிகிரி திருப்பிவிட்டு ஓடவிட்டேன். நடுவில் முழுப் பூ. பெருமையாகத் திரும்பிப் பார்த்தால், அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கைகள்தான் எனக்கு மறக்கவே இல்லை. கண்காட்சி அன்று யாரோ "நீ செஞ்சதா பாப்பா?" என்று கேட்டதற்கு, "இல்லை, அக்கா செஞ்சாங்க" என்று சொல்லிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

கல்லுக்கட்டி

இதில் வருத்தப்பட என்னம்மா இருக்கிறது? இருபது கம்ப்யூட்டர், அதில் ஏழு ஓடாது, அறுபது பிள்ளைகள். மூத்தவர்கள் கை வைக்காவிட்டால் ஒரு புராஜெக்டும் முடியாது. செய்துகாட்டுவதும் கற்றுக்கொடுப்பதுதான்.

என் கதை வேறு. பையன் ஒன்பதாவது படித்தபோது செடிக்குத் தானாகத் தண்ணீர் விடுகிற புராஜெக்ட், ஆர்டுயினோ என்கிற சின்ன கண்ட்ரோல் போர்டு வைத்து. மண் ஈரம் பார்க்கிற அந்த முள்கரண்டி மாதிரி சென்சார் இருக்கிறதே, அதைத் துளசித் தொட்டியில் குத்தி ராத்திரி பகலாக ஓடவிட்டார்கள். கொஞ்ச நாளில் தொட்டி சொதசொதவென்று இருக்கும்போதே மண் காய்ந்துவிட்டது என்று காட்ட ஆரம்பித்தது. புரோகிராமில்தான் தப்பு என்று வழிகாட்டியாக வந்த பிளஸ் டூ தம்பி இரண்டு நாள் அதையே நோண்டினான். கடைசியில் என் பையன் சென்சாரைப் பிடுங்கிக் கழுவிக்கொண்டு வந்து, "அப்பா, ரெண்டு காலும் ஒரே மண்ணுலதானே நின்னுச்சு, ஒண்ணு மட்டும் ஏன் கரைஞ்சிருக்கு?" என்றான். பார்த்தால் ஒரு காலில் செம்புப் பூச்சு பாதி இல்லை, இன்னொன்று கடையில் வாங்கிய மாதிரி இருக்கிறது.

அந்தத் தம்பிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. என் மாமனார்தான் ஈஸி சேரில் இருந்தபடியே, "அழகப்பர் 300 ஏக்கர் கொடுத்து செக்ரியை இந்த ஊருக்குக் கொண்டாந்தாரு, அவங்க தொழிலே அரிமானம்தான், அதுக்கு எதிர்லயே குடியிருந்துக்கிட்டு இதத் தெரியலங்குறிய" என்று ஆரம்பித்தார். செக்ரி என்றால் காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நிலம் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார், அரிமானம் என்றால் உலோகம் அரித்துப்போவது. ஈர மண்ணில் ஒரே திசையில் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் நேர்மின் பக்கத்துக் கால்தான் கரையும், மின்முலாம் பூசுகிற கதையேதான். அப்புறம் பையன்களே யோசித்து, சென்சாருக்கு எப்போதும் 5 வோல்ட் கொடுக்காமல் புரோகிராமால் ஆன் ஆஃப் செய்யக்கூடிய ஒரு டிஜிட்டல் பின்னிலிருந்து கொடுத்து, மணிக்கு ஒரு தடவை ஆன் செய்து படித்துவிட்டு அணைக்கிற மாதிரி மாற்றினார்கள். பிளஸ் டூ தம்பி அந்த இரண்டு வரியை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனான். சின்னவனிடம் பெரியவன் கற்றது.

தேவகோட்டை ரஸ்தா

கல்லுக்கட்டி அண்ணே, நீங்கள் சொல்கிற கதையே நீங்கள் முதலில் சொன்னதற்கு எதிராக இருக்கிறது. அந்தத் தம்பி கை வைத்த இரண்டு நாளும் வீண், உங்கள் பையன் கையில் எடுத்துப் பார்த்ததும் விஷயம் கிடைத்தது. இதில் மூத்தவர்கள் கை வைக்க வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது?

என்னுடையது சின்ன விஷயம். 2011ல் ஆரம்பித்த அரசு லேப்டாப் திட்டத்தில் லேப்டாப் வாங்கிய ஆள் நான். அதில் தம்பி தங்கச்சிகளுக்குக் கண்மாய் பற்றி ஒரு பிரசன்டேஷன் செய்துகொடுத்தேன், பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு). போட்டி நடந்த இடத்தில் இருந்த கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. இருபத்திரண்டு பக்கமும் அப்படியே. பேச வேண்டிய பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு முதல் நாளே யூனிகோடில், அதாவது தனி எழுத்துருவை நம்பாமல் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற முறையில், தட்டச்சு செய்யச் சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலத்தில் அம்மா என்று எழுத்துக்கூட்டித் தமிழ் வரவழைப்பது வேண்டாம், அப்புறம் ல ள ழ மூன்றும் போய்விடும். தமிழ்99 விசைப்பலகை போதும், 1999லேயே அரசு ஏற்றுக்கொண்டது. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு, அம்மா வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் கை பழகும். பெரியவர்களுக்குத்தான் ஒரு மாதம், பழைய பழக்கம் விடாது. இன்னொன்று, கோப்பைப் பென் டிரைவில் மட்டும் நம்பி எடுத்துப் போகாதீர்கள், பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி வையுங்கள், எழுத்துருவை உள்ளேயே பதித்துக்கொள்ளும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஃபைனல், ஃபைனல் 2, புதுஃபைனல் என்று வைக்காமல் தேதி போடுங்கள். இதையெல்லாம் வழிகாட்டிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை, கோடிங் கோடிங் என்றே நிற்கிறோம். கோப்பு எங்கே சேமித்தோம் என்று தெரியாத பிள்ளைக்கு லூப் தெரிந்து என்ன பண்ண?

ஆத்தங்குடி மருமகள்

அண்ணன் பாடம் முடிந்ததா? செக்காலை அக்காவிடம் ஒன்று கேட்கணும். எங்கள் மாமனார் வீட்டில் டைல்ஸ் பட்டறை. நானும் கொஞ்ச நாள் வண்ணம் ஊற்றியிருக்கிறேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணல் சிமெண்ட் போட்டு அமுக்குவோம். பூவின் முகம் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும், நாங்கள் பார்ப்பது முதுகை. அதனால் ஒரு கல்லை வைத்துப் பூ எப்படி வரும் என்று யாரும் முடிவு செய்வதில்லை. தரையில் பரப்பித்தான் பார்ப்போம். அந்தப் பிள்ளை நான்கு கல்லோடு நிறுத்தினாளா, இன்னும் போடப்போகிறாளா என்று கேட்டீர்களா?

செக்காலை அக்கா

கேட்கவில்லை.

உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி பழைய பென் டிரைவைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, அவளுடைய கோப்பின்மேல் சேமிக்காமல் வேறு பெயரில் சேமித்திருக்கிறேன் (ரஸ்தா அண்ணே, ஃபைனல் 2 என்றுதான்). அவளுடையதைத் திறந்தேன். லூப்புக்கு வெளியே இன்னொரு லூப் தனியாகக் கிடக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை, 4 என்று மட்டும் போட்டிருக்கிறாள். அன்றைக்கு அதைப் பார்த்த ஞாபகமே இல்லை. நான்கு கல் கொண்ட அவளுடைய கட்டத்தை அதற்குள் இழுத்துப் போட்டு, ஒவ்வொரு தடவையும் இடம் மாற நகர்த்தும் கட்டளை மட்டும் சேர்த்து, 16 கல் வருகிற மாதிரி ஓடவிட்டேன்.

நான்கு கட்டங்களின் மூலையும் சந்திக்கிற நட்டநடுவில் முழுப் பூ. ஓரமெல்லாம் பாதிப் பூ, நான்கு கோடியிலும் கால் பூ. எங்கள் அப்பத்தா வீட்டு வளவில் (வீட்டு நடு முற்றப் பகுதி) சுவர் ஓரம் எப்படி இருக்குமோ அப்படியே.

அவள் இப்போது காரைக்குடியில்தான் காலேஜ் படிக்கிறாளாம். நம்பர் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.