தியலும போய் வந்தாச்சு (புதுப்பிப்பு)

போன மாதம் இங்கை கேட்டிருந்தன், யாழ்ப்பாணத்திலயிருந்து வயசுபோன அம்மாவையும் ரெண்டு பெடியளையும் கூட்டிக்கொண்டு தியலும அருவிக்குப் போகலாமோ எண்டு. போய் வந்திட்டம்.

கொஸ்லந்தைப் பக்க றோட்டில நிண்டு பார்த்தாலே 220 மீற்றரும் விழுறது தெரியும். இலங்கையில பம்பரகந்தைக்கு (263 மீற்றர்) அடுத்த உயரம் இதுதான். அம்மாவுக்கு அது காணும். மனிசியோட கீழ பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு இருந்திட்டா.

நானும் பெடியளும் மேல் பக்கத்தால, ஆளுயர மானாப்புல்லுக்குள்ளால இறங்கினம். அட்டைக்குச் சவுக்காரம் பூசச் சொன்னவருக்கு நன்றி, காலில ஒண்டும் ஏறேல்லை. சப்பாத்துப் போடச் சொன்னவரின்ர கதையைத்தான் கேக்கேல்லை. பாதி வழியில செருப்பு வார் அறுந்து, மிச்சம் வெறுங்கால்!

மேல பாறைக்குள்ள படிபடியாத் தண்ணி தேங்கி நிக்குது. கீரிமலைக் கேணியில குதிச்சுப் பழகின எனக்கே பல்லுக் கிட்டிச்சுது. சின்னவன் வெளியில வரமாட்டன் எண்டு நிண்டான். மூத்தவன் எங்கட ஊரில ஏன் அருவியில்லை எண்டு கேட்டான். மலையில்லை, சுண்ணக்கல்லுத் தரை, மழைத்தண்ணி கீழ இறங்கிக் கிணத்துக்குத்தான் வரும் எண்டன்.

“அப்ப எங்கட அருவி நிலத்துக்குக் கீழயோ?”

ஒண்டு, மழை நாளில பிள்ளையளோட மேல போகாதேங்கோ. பாறை வழுக்கும், அங்கால நேரே பள்ளம்.

அம்மாவுக்கு அடுத்தது பம்பரகந்தையாம். கனக்க நடக்காமல் பார்க்க ஏலுமோ? போன ஆக்கள் சொல்லுங்கோ.