கனடாவில் லாங் ரேஞ்ச் ரைஃபிள்: ஸ்கோப் மவுண்ட் வாங்கும் முன்

தம்பி, பி.ஏ.எல். (கனடாவில் துப்பாக்கி வாங்கி வைத்திருக்கும்) உரிமம் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், வாழ்த்துகள். .308 வின்செஸ்டர் தோட்டா போடும், கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன், 1000 கஜம் வரை சுட வேண்டும் என்றால் மவுண்டில், அதாவது ஸ்கோப் என்னும் குறிநோக்கியை ரைஃபிளோடு பிணைக்கும் ரிங், ரெயில் பாகங்களில், கஞ்சம் பிடிக்காதீர்கள். விலை உயர்ந்த ஸ்கோப்பை மலிவான ரிங்கில் மாட்டினால், ஒவ்வொரு வெடியின் உதைப்பிலும் அது துளித்துளியாக நகரும். குறி ஏன் தவறுகிறது என்றே தெரியாமல் தோட்டாவுக்குப் பணம் கரையும்.

முதலில் ரெயிலின் சரிவைப் பாருங்கள். 100 கஜத்தில் ஸீரோ செய்த (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்த) .308-க்கு 1000 கஜத்தில் 35 எம்.ஓ.ஏ.வுக்கு (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்.ஓ.ஏ.) மேலேயே ஏற்றம் வேண்டும். உங்கள் ஸ்கோப்பில் மொத்த எலிவேஷன் (மேல்-கீழ் திருப்பும் அளவு) 60 எம்.ஓ.ஏ. என்றால், நடுவிலிருந்து மேலே கிடைப்பது 30தான். அது போதாது. 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள பிக்காட்டினி ரெயில் (ரைஃபிளின் மேல் பொருத்தும், குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பட்டை) போட்டால் அது 50 ஆகிவிடும். ரெயிலிலேயே சரிவு இருந்தால் ரிங் சாதாரணமானதே போதும்.

அப்புறம் குழாய் அளவு. 30 மி.மீ. ஸ்கோப்புக்கு 34 ரிங் பொருந்தாது, பெட்டியில் பார்த்து வாங்குங்கள். உயரத்தைப் பொறுத்தவரை, முன் லென்ஸ் பேரலில் படக்கூடாது, போல்ட் கைப்பிடி தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும், கன்னம் ஸ்டாக்கில் இயல்பாகப் படிய வேண்டும். இந்த மூன்றும் சரியாக வரும் அளவில் தாழ்வானதே நல்லது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைத் துண்டு மவுண்ட் ஏ.ஆர். (ஏ.ஆர்.-15 போன்ற) ரைஃபிள் வகைக்காக வந்தது. உங்களுக்கு இரண்டு உறுதியான ஸ்டீல் அல்லது அலுமினிய ரிங்குகளே போதும் என்பது என் கருத்து.

மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) இல்லாமல் தொடாதீர்கள். ரிங்கின் மேல் மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 இன்ச் பவுண்ட் வரும். தயாரிப்பாளர் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ரைஃபிளை மட்டம் பார்த்து நிறுத்தி, தூரத்தில் கனம் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, ரெட்டிக்கிளின் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளின்) செங்குத்துக் கோடு அதோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் நூறு கஜத்தில் தெரியாது, ஆயிரத்தில் குண்டு பக்கவாட்டில் விலகிப் போகும். முடிந்ததும் திருகுத் தலையில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. நகர்ந்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று முக்கியம். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே வேண்டாம். ஓரத்தில் ஒரு தோட்டா சிக்கியிருந்தாலும் இந்திய விமான நிலையத்தில் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரலாம்.