கலைச்சொல் முன்மொழிவு: அயல் அடரினம்

அன்பர்களுக்கு வணக்கம்.

வேற்றிடத்திலிருந்து வந்து பரவி, சுதேச உயிர்களுக்குக் கேடு விளைக்கும் உயிரினங்களை ஆங்கிலத்தில் ‘invasive alien species’ என்பர். பாடநூலில் அதற்கு ஈடாக எந்தத் தமிழ்ச்சொல்லை வழங்கலாம் என்பதே நம்முன் உள்ள கேள்வி. ‘வந்தேறி இனம்’ என்று முன்வைக்கப்பட்ட சொல்லை நான் ஏற்கவில்லை. இலங்கையில் மலையகத் தமிழரை நோக்கி அத்தகைய சொற்கள் வீசப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். ஒரு செடியையோ மீனையோ சுட்டுவதற்காக அதைப் பாடநூலில் ஏற்றுவது தகாது. கருத்தளவிலும் அது போதாது. மரவள்ளியும் மிளகாயும் பப்பாசியும் அமெரிக்காவிலிருந்து வந்தவைதாம். அவற்றை எவரும் சூழற்கேடு என்று சொல்வதில்லை. தாமே பரவுவதும், பரவிய இடத்தின் சுதேச உயிர்களுக்குக் கேடு விளைப்பதும் சேர்ந்தால்தான் வரைவிலக்கணம் நிறைவுறும்.

‘ஆக்கிரமிப்பு இனம்’ வழக்கில் நிலைத்துவிட்டதாயினும், திட்டமிட்டுப் படையெடுத்ததுபோல் ஒலிக்கிறது. தமிழகத்தார் ஆகாயத்தாமரை என்னும் ஆற்றுவாழையை 1905இல் அழகுக்காக இங்கே கொண்டுவந்தவர்கள் மனிதர்களே. 1909இல் அதை ஒழிக்கவென்றே ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது.

முன்வைக்கப்பட்ட இன்னொரு சொல்லான ‘நெருக்கினம்’ எனக்குப் பிடித்திருந்தது. கொழும்பைச் சூழ்ந்த சதுப்புகளில் பரவியுள்ள, சிங்களத்தில் ‘வெல் ஆத்தா’ எனப்படும் மரத்துக்கு அது நன்றாகப் பொருந்தும்: சீத்தா இனங்களை ஒட்டுவதற்கு அடிக்கட்டையாகக் கொண்டுவரப்பட்ட அம்மரத்தின் விதைகள் நீரில் மிதந்து சென்று முளைத்து, கோரையும் புல்லும் வளர்ந்த திறந்த வெளியை நிழல் மூடிய மரக்கூட்டமாக்கிவிடுகின்றன. ஆனால் அதே சதுப்பு நீரில், அலங்கார மீன் கடைகளில் ‘நைஃப் ஃபிஷ்’ என்று விற்கப்படும் தென்கிழக்காசிய மீனும் இருக்கிறது. அது எதையும் நெருக்கி வளர்வதில்லை; சுதேசச் சிறுமீன்களைப் பிடித்துத் தின்கிறது. இரண்டையும் ஒரே சொல் தாங்க வேண்டும்.

‘அடர்’ என்னும் வினையடி தாங்கும். அடர்தல் என்றால் செறிதல், நெருங்குதல். அடர்த்தல் என்றால் தாக்குதல், வருத்துதல், கொல்லுதல். ஆகவே ‘அயல் அடரினம்’ என்பது என் முன்மொழிவு. ‘அயல்’ என்பதை விட்டுவிடலாகாது. சம்பு என்னும் நீர்ப்புல் நம் மண்ணுக்கே உரியது. எனினும் கழிவுநீர் சேரும் நீர்நிலையில் அதுவும் அடர்ந்து மூடும். அத்தகையதை ‘உள்ளூர் அடரினம்’ என்று பிரித்துச் சொல்ல வழியிருக்கும்.

சொல் சற்றுப் புலமைத்தனமாக ஒலிக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். மாணவருக்குப் பழகிய ‘ஆக்கிரமிப்பு இனம்’ என்பதை முதற் பதிவில் அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம். இதனினும் பொருத்தமான சொல் எவரிடமேனும் இருப்பின், அந்த மரத்துக்கும் மீனுக்கும் ஒருங்கே பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.